மண்டபத்துக்கும் பின்மூலைக்கும் இடையில்

நான் ஓய்வுபெற்ற பிறகு வருகிற நான்காவது மாரிக்காலம் இது. போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாவிக்கரையில் ஒரு சந்தையும் பூங்காவும் கட்டப்போகிறார்களாம். வெள்ளம் வந்தால் அதே இடம் சனங்கள் தங்கும் இடமாக மாற வேண்டும். படத்தை மடிக்கணினியில் திறந்து காட்டினார்கள். தண்ணீர் ஏற ஏற எந்தெந்தப் பகுதி மூழ்கும் என்பது நீல நிறத்தில் படிப்படியாக விரிந்தது. எங்கள் காலத்தில் கனவிலும் காணாத விஷயம்.

பார்த்து முடித்ததும், "மிஸ், உங்கட அனுபவத்த எழுதித் தாங்க. புதுசா வாற ஆக்களுக்கு வாசிக்கக் குடுக்கப் போறம்" என்றார்கள்.

"நல்லா வந்த வேலைகளப் பற்றியா?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் எழுதுங்க மிஸ்" என்றாள் அவர்களில் ஒருத்தி. அதனால் எழுதுகிறேன்.

நான் தேற்றாத்தீவில் பிறந்தவள். பெயர் தவமணி. படவரைஞராகச் சேர்ந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தராக ஓய்வுபெற்றேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோடு மெல்லியதாகவும் எழுத்து நேராகவும் வரும்வரை கீறினோம். யுத்த காலம் என்பதால் பாதி நாள் வகுப்பு நடக்காது. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டுகளில் என்னிடம் வந்தவை பெரும்பாலும் பாடசாலைத் திருத்த வேலைகள். இடம்பெயர்ந்த சனங்கள் மாதக்கணக்கில் தங்கிவிட்டுப் போன வகுப்பறைகள் அவை. கரும்பலகைக்குக் கீழே அடுப்பு மூட்டிய கரி இருக்கும். சன்னல் கம்பிகளில் துணி காயப்போட்ட கயிற்றுத் துண்டுகள் தொங்கும். கரியைச் சுரண்டி வெள்ளையடிக்க வேண்டும் என்று நாங்கள் குறித்துக்கொண்டு வருவோம். அந்தக் கட்டடம் எப்படி இருந்திருந்தால் அங்கே கிடந்த சனங்களுக்குக் கொஞ்சமாவது வசதியாக இருந்திருக்கும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஹனீபா சேர்.

அவர் ஏறாவூர்க்காரர். எங்கள் அலுவலகத்துக்குப் பொறியியலாளராக வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. படத்தில் பிழை இருந்தால் பிழை என்று சொல்லமாட்டார். திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இன்னொருக்காப் பாருங்க தங்கச்சி" என்பார். எந்த இடம் என்றும் சொல்லமாட்டார். அதைக் கண்டுபிடிக்கச் சில நாள் பின்னேரம் ஆகிவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிக் கண்டுபிடித்த பிழையை நான் மறுபடி விட்டதில்லை.

சுனாமிக்குப் பிறகு எல்லாரும் புகலிடக் கட்டடங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒரு கூட்டத்தில் சேர் சொன்னது நினைவிருக்கிறது. "அவசரத்துக்கெண்டு மட்டும் கட்டினா அது பூட்டித்தான் கிடக்கும். தேவப்படுற அண்டைக்குத் திறப்பு ஆருட்ட இரிக்கி எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சனம் நாளாந்தம் பொழங்குற இடத்தத்தான் நாம அதுக்கு ஏத்த மாதிரிக் கட்டணும்." சந்தை, வாசிகசாலை, விளையாட்டு மைதானம், கலியாண மண்டபம் என்று எங்கள் கைக்கு வந்த ஒவ்வொரு பொது இடத்தையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்.

நிலத்தை அளக்குமுன் ஊரில் மூன்று பேரைத் தனித்தனியாகச் சந்திப்போம். பழைய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்போம். ஒருவர் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார், இன்னொருவர் இடுப்பைக் காட்டுவார். புதிதாக வந்த எங்களுக்கு இதில் யாரை நம்புவது என்று குழப்பம். சேர் அமைதியாக, "அப்ப நீங்க எங்க நிண்டீங்க? அந்த இடத்தக் காட்டுங்க" என்பார். அவர்கள் நின்ற இடத்துக்கே போய், காட்டிய உயரத்தை மட்டக்கருவியால் எடுப்போம். மூன்றிலும் கூடியதை எடுத்து, அதற்கு மேல் ஒரு முழம் சேர்ப்பார். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "நமக்குத் தெரியாத தண்ணிக்கு" என்றார்.

பிறகு பாய்க் கணக்கு. அலுவலகத்து வாங்கு மேசைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு பாயை விரித்து அதைச் சுற்றிச் சோக்கட்டியால் கோடு கீறுவோம். அடுத்த பாய், அதற்கடுத்த பாய் என்று தரை நிறையக் கீறுவோம். ஒரு வயசாளி எழும்பிப் போகும்போது பக்கத்தில் படுத்திருப்பவரை மிதிக்காமல் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒரு மண்டபத்தில் எத்தனை குடும்பம் என்று எழுத விடுவார். கட்டி முடித்த மண்டபங்களிலோ, நிறைந்த வாளியைக் கையில் தந்து, படுக்கும் இடத்திலிருந்து மலசலகூடம்வரை நடந்து காட்டச் சொல்வார். தண்ணீர் சிந்திய இடத்தில் நின்று குனிந்து பார்ப்பார். அங்கே ஒரு படி கூடியிருக்கும், அல்லது கதவு பிழையான பக்கம் திறக்கும்.

மலசலகூடம் மண்டபத்தின் தரைமட்டத்திலேயே, மண்டபத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். அவர் ஒருபோதும் விட்டுக்கொடுக்காத விஷயம் இது. எத்தனையோ ஊர்களில் இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறார். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துக்குப் போகும் பாதையோரம் உள்ள ஒரு சந்தியூர். பெயரைத் தவிர்க்கிறேன். முன்னால் வாசிகசாலை, நடுவில் பொது மண்டபம், பக்கத்து வெளியில் வாரச் சந்தை. மேலே பெருமழை பெய்து குளத்து வான்கதவுகள் திறந்தால், வயல் வட்டைகள் நிறைந்து தண்ணீர் ஊருக்குள் வரும். அப்போது அந்த மண்டபந்தான் சனங்களின் புகலிடம். நிலத்தை அளந்து, தரைமட்டத்தைத் தீர்மானித்து, முதல் படத்தைக் கீறும்வரை ஹனீபா சேர் இருந்தார். அதற்குப் பிறகு ஓய்வுபெற்றுவிட்டார். புதிய பொறியியலாளர் வரும்வரை வேலை என் பொறுப்பில் இருந்தது.

ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் படத்தை விரித்து விளக்கினேன். சங்கத் தலைவர் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், ஊருக்காக ஓடித் திரிகிற மனிதர். படத்தைக் கவனமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மிஸ், இது கலியாணம் நடக்கிற மண்டபம். சோறு போடுற இடத்துக்கு ஒட்டினாப்போல கக்கூசு வெச்சா ஆர் வந்து கை நனைப்பாங்க? கொஞ்சம் அங்கால கொண்டுபோங்க."

"வெள்ளத்துக்கு இது கிட்ட இருக்கணும் ஐயா" என்றேன்.

"வெள்ளம் எப்பயாவது ஒருக்கா வாறது. கலியாணம் மாசா மாசம் நடக்கும்."

எல்லாரும் ஆமோதித்தார்கள். பின்வரிசையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "எங்களுக்கென்ன மிஸ், வைக்கிற இடத்துல போறம்" என்றாள் ஒருத்தி.

அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவர்கள் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்களை வேறாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஹனீபா சேருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. முதல் தடவையாக ஒரு வேலை முழுதாக என் கையில் இருந்தது. இழுபடாமல் முடிக்க வேண்டும், ஊரோடு பகைக்கக் கூடாது, யாரையும் கேட்காமல் நானே தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. மலசலகூடங்களைக் காணியின் பின்மூலைக்குக் கொண்டுபோனேன். நடுவில் ஒரு வடிகால் ஓடியது. அதைத் தாண்ட ஒரு கொங்கிறீற் பலகை போட்டேன். படத்தின் கீழ்மூலையில் கையெழுத்து வைத்தேன்.

மண்டபம் அழகாக வந்தது. இரண்டு மாரி பிரச்சினையில்லாமல் போயின. மூன்றாவது மாரியில் வெள்ளம் வந்தது.

இரண்டாம் நாள் இயந்திரத் தோணியில் அங்கே போனேன். தண்ணீர் மண்டபத்தின் தரைக்கு ஒரு முழம் கீழே நின்றது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. பாய்கள் வரிசையாகக் கிடந்தன, நடக்கவும் இடம் இருந்தது. அதிகாரிகள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.

தேத்தண்ணீர் பகிரும் நேரம் வந்தது. ஆண்கள் குடித்தார்கள். பெண்களின் பக்கத்தில் கோப்பைகள் ஆடை படிந்து ஆறிக்கிடந்தன. சுவரோரம் இருந்த ஒருத்தியிடம் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்தாள். பக்கத்தில் இருந்தவள் குரலைத் தாழ்த்தி, "குடிச்சா போகணுமே மிஸ். எங்க போற?" என்றாள்.

வெளியே வந்து பின்மூலையைப் பார்த்தேன். மலசலகூடக் கதவுகள் பாதிவரை தண்ணீருக்குள் நின்றன. நடுவில் இருந்த வடிகாலும் தெரியவில்லை, பலகையும் தெரியவில்லை. பெண்கள் விடியுமுன் நாலைந்து பேராகக் கைகோத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தின் மறைவுக்குப் போய் வருகிறார்கள் என்று பிறகு சொன்னார்கள். மற்ற நேரமெல்லாம் அடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

விறாந்தையின் ஒரு பக்கத்தைப் பலகையாலும் தறப்பாள் விரிப்பாலும் மறைத்துத் தற்காலிகமாக ஓர் இடம் செய்யலாம் என்று முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் சொன்னேன். அவரும் சம்மதித்தார், ஆனால் சாமான் எதுவும் கைவசம் இல்லை. நானே அன்று பின்னேரம் பட்டினத்துக்குத் திரும்பினேன். பலகையும் நாலு தறப்பாளும் இரண்டு தச்சர்களும் ஒழுங்குபண்ணி, மறுநாள் காலையில் தோணியில் ஏறினேன்.

தோணி கிட்டப் போகும்போதே விளங்கிவிட்டது. விறாந்தையில் எல்லாரும் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பத்மாவதி என்ற பெண். நாற்பது வயதிருக்கும். புருசன் இல்லை. வயலில் களை பிடுங்கி மகளை வளர்த்தவள். வெளிச்சம் வருமுன் ஒரு பொலித்தீன் பையோடு தனியாக இறங்கிப் பின்மூலையை நோக்கிப் போயிருக்கிறாள். பலகை இருந்த இடத்தைத் தவறவிட்டிருக்கிறாள். வடிகாலில் ஓடிய தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டு போய்க் காணியின் கம்பிவேலியில் விட்டிருந்தது. நேற்று என்னிடம் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தவள் அவள்தான். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

அன்று நாங்கள் விறாந்தையை மறைத்து அந்த இடத்தைச் செய்து முடித்தோம். ஆணி அடிக்கிற சத்தமும் உள்ளே அவள் மகள் அழுகிற சத்தமும் சேர்ந்து கேட்டன.

தண்ணீர் வடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு அறிக்கை என் மேசைக்கு வந்தது. "முகாமைவிட்டு வெளியேற வேண்டாமென்ற அறிவுறுத்தலை மீறிச் சென்றமையால் நிகழ்ந்த மரணம்" என்று அதில் இருந்தது. கட்டடத்தில் குறைபாடு எதுவும் இல்லை என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையெழுத்திட வேண்டும். புதிய பொறியியலாளர் வந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. "மிஸ், இதுல ஒருத்தரையும் குற்றம் சொல்லல்ல. கையெழுத்த வைங்க, முடிச்சிரலாம்" என்றார்.

"அந்தப் பொம்புளயச் சொல்லியிருக்கே சேர்" என்றேன்.

நான் கையெழுத்தும் வைக்கவில்லை, மறுக்கவும் துணியவில்லை. அடுத்த சனிக்கிழமை படத்தின் பிரதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன். ஹனீபா சேர் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை, ஏசவும் இல்லை. படத்தை விரித்து, மூலைகளில் தேத்தண்ணீர்க் கோப்பைகளை வைத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"தங்கச்சி, இப்பிடி வெள்ளம் வந்தா இந்தப் பொம்புளயள் எங்க போவாங்க எண்டு நீங்க அண்டைக்கு நெனச்சீங்க?"

"நெனைக்கல்ல சேர்."

"அப்ப அதத்தான் எழுதணும்."

வாசல்வரை கூட வந்தார். "எழுதினா உங்களுக்குக் கஷ்டம் வரும். தெரியும்தானே?" என்றார். தெரியும் என்றேன்.

எழுதினேன். முதல் படத்தில் மலசலகூடம் எங்கே இருந்தது, நான் அதை ஏன் மாற்றினேன், மாற்றியபோது எதை யோசிக்கவில்லை என்பதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதி அறிக்கையோடு இணைத்தேன். தலைவரின் பெயரை எழுதவில்லை. அவர் கேட்டார், ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தது நான். விசாரணை நடந்தது. ஒன்றரை வருடம் என்னைப் பழைய கடிதக் கோவைகள் வைக்கும் அறையில் இருத்தினார்கள். பதவி உயர்வு பிந்திப்போனது. என்னோடு பல வருடம் பழகியவர்களிலும் சிலர், நான் எல்லாருக்கும் வீண் தலையிடி தந்துவிட்டேன் என்றார்கள். அறிக்கையிலிருந்து "அறிவுறுத்தலை மீறி" என்ற சொற்கள் எடுக்கப்பட்டன. என் எழுத்தால் நடந்தது அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த பிறகு பத்மாவதியின் மகளைப் பார்க்கப் போனேன். மேகலாவுக்கு அப்போது பதினாறு வயது. தாயின் தங்கச்சியோடு இருந்தாள். அந்தப் படத்தைக் கீறியவள் நான் என்று சொன்னேன். அதற்கென்று எத்தனையோ வசனங்களை யோசித்து வைத்துக்கொண்டு போனேன். வாயில் வந்தது அந்த ஒரு வசனந்தான்.

நான் அறிக்கையோடு எழுதிக் கொடுத்தது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. "அம்மா ஏன் போனா எண்டு எழுதினீங்களா?" என்று கேட்டாள்.

"அது எனக்குத் தெரியா மகள்."

"என்ட துணியளக் கழுவத்தான் போனா. எனக்குச் சுகமில்லாத நாள். அவ்வளவு ஆம்புளயளுக்குள்ள எங்க கழுவுற, எங்க காயப்போடுற? நாந்தான் அழுது அழுது சொன்னன். விடியிறதுக்குள்ள போயிற்று வாறன் எண்டு போனா."

"அது உன்னால நடந்ததில்ல" என்றேன்.

"அத நீங்க சொல்லாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு எழும்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. அவளுடைய சின்னம்மா தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். குடித்துவிட்டு வாசல் படலையடிக்கு வந்தபோது மேகலா பின்னால் வந்தாள்.

"திரும்பக் கட்டுறெண்டா, துணி கழுவ ஒரு இடம் வைங்க. கதவோட."

திரும்பக் கட்ட நாலு வருடம் எடுத்தது. கோவை அறையிலிருந்து வெளியே வந்ததும் நான் எழுதிய முதல் கடிதம் அதற்காகத்தான். ஹனீபா சேர் கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருந்த காலம். ஆனாலும் இரண்டு தடவை என்னோடு அந்த ஊருக்கு வந்தார். இந்த முறை பெண்களை வாசிகசாலைக்குள் வேறாகக் கூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு நான் பேசினேன். சேர் வெளியே மரத்தடியில் காத்திருந்தார். உள்ளே முதல் பத்து நிமிடம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு கிழவி தொடங்கினாள். அதற்குப் பின் எனக்கு எழுதி முடிக்க இயலவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க மறைவு வேண்டும். ஆண்கள் படுக்கும் பக்கத்தைத் தாண்டாமல் போக வழி வேண்டும். கதவைப் பூட்ட உள்ளே கொளுக்கி வேண்டும். கழுவிய துணி வெளியே தெரியாமல் காய வேண்டும், ஆனால் காற்றும் வேண்டும். இத்தனை வருடம் நான் கீறிய எந்தப் படத்திலும் இவற்றில் பாதி இருக்கவில்லை. நான் ஒரு பெண். எனக்கு இவையெல்லாம் தெரியும். இருந்தும் மேசையில் உட்கார்ந்தபோது அவற்றை வெளியே விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சங்கத்தில் யாரும் எதிர்க்கவில்லை. தலைவர் கூட்டம் முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தின் தரைமட்டத்திலேயே, கூரை போட்ட ஒரு நடையால் இணைத்து, புதிய மலசலகூடமும் கதவோடு ஒரு துணி கழுவும் இடமும் எழும்பின. கலியாணங்களும் நின்றுபோகவில்லை. சோறு போடும் இடத்தை மற்றப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதை அன்றைக்கே யோசித்திருக்கலாம்.

நான் ஓய்வுபெற முந்திய மாரியில் மறுபடி பெரிய வெள்ளம். நாலு நாள் அந்த மண்டபத்தில் சனம் இருந்தது. எல்லாரும் சுகமாக வீடு திரும்பினார்கள். அது ஒரு செய்தியாகக்கூட வரவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு, சேதங்களைப் பதிய நான் அங்கே போனேன். தலைவர் நன்றாகத் தளர்ந்துபோயிருந்தார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். புதிய கட்டடத்தின் சுவரில் பத்மாவதியின் பெயரில் ஒரு நினைவுக்கல் பதிக்கச் சங்கம் தீர்மானித்திருப்பதாகச் சொன்னார். அதில் பொறிக்கும் வாசகத்தைத் தானே எழுதியிருந்தார். நல்ல வாசகம். நான் அதில் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை.

மேகலாவைக் கேட்க வேண்டும் என்றேன். அவள் அப்போது பாலர் பாடசாலை ஆசிரியை. அந்த நாலு நாளும் கைக்குழந்தையோடு அவளும் அங்கேதான் இருந்திருக்கிறாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து, தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். கண் கலங்கியது. ஆனால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேணாம் மாமா" என்றாள்.

"ஏன் புள்ள? ஊர் மறக்கக்கூடாதே."

"கக்கூசுக்குப் போற வாற ஆக்களெல்லாம் அம்மாட பேர வாசிக்க வேணாம். அவ வெக்கப்படுவா."

தலைவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூவரும் விறாந்தையில் நின்றோம். அந்தச் சுவரில் இன்றைக்கும் ஒன்றும் எழுதப்படவில்லை.